மொய்ப் பணமும் கைவண்ணமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர் பெருமக்கள் பேசிய மேடையில் எழுத்தர் வேலை பார்க்கும் என்னையும் ஏற்றிவிட்டார்கள். இலக்கியம் பேச எனக்குத் தகுதியில்லை. மணமக்களுக்கு நாம் அளிக்கும் பணத்தைப் பற்றியும், அதைக் கையால் அழகுபடுத்தி அளிக்கும் முறையைப் பற்றியுமே சில சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் இதற்கு மொய் என்று பெயர். புதுக்கோட்டை, தஞ்சை வட்டாரங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். பந்தலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்து, பெயரும் ஊரும் தொகையும் எழுதுவார். வாங்கியவர் பின்னொரு நாள் திருப்பிச் செய்தாக வேண்டும். பந்தல் செலவிற்கும் புதுக்குடித்தனத்திற்கும் பலர் தோள் கொடுப்பதே இதன் நோக்கம். கொல்கத்தாவில் குடியேறிய நாம் அந்த நோட்டுப் புத்தகத்தை ஊரிலேயே விட்டுவிட்டோம். ஒரு ரூபாய்க் காசு ஒட்டிய உறையொன்றைக் கடையில் வாங்கி, பணத்தை இட்டு, மணமகன் கையில் திணித்துவிட்டுப் பந்திக்குச் சென்றுவிடுகிறோம். உறையில் பெயர் எழுத மறந்தவர்களும் உண்டு. (சிலர் மறந்ததுபோல் இருப்பதும் உண்டு!)

இந்த உறை எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆகவே 2009-ஆம் ஆண்டில் நண்பர் ஒருவரின் மகள் திருமணத்திற்குப் பத்து ரூபாய்த் தாள்கள் ஐம்பதை வாங்கி, மடித்தும் ஒட்டியும் மயில் ஒன்று செய்தேன். ஒரு ரூபாய்க் காசுதான் மயிலின் கண். கண்ணாடிச் சட்டத்திற்குள் வைத்து அளித்தபோது மண்டபமே பாராட்டியது. நானும் மகிழ்ந்து போனேன்.

இரண்டு ஆண்டுகள் அம்மயில் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. பின்னர் மருமகனுக்கு வேலை போயிற்று. ஓர் இரவு குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். வீட்டில் வேறு பணம் இல்லை. கண்ணாடியைக் கழற்றி, கொதிநீர் ஆவியில் காட்டி, அந்தப் பெண் ஒவ்வொரு தாளாக உரித்திருக்கிறாள். பத்தொன்பது தாள்கள் கிழிந்துவிட்டன. மறுநாள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, கிழிந்தவற்றை மாற்ற வங்கியில் அரை நாள் நின்றாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மயிலைப் பிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவள் தந்தையார் சொன்னார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நானன்றோ!

அன்றுமுதல் நம்மைச் சூழ்ந்துள்ள வங்காளிகளின் திருமண வரிசையைக் கூர்ந்து கவனித்தேன். மஞ்சள் பூசும் நாளில் மணமகன் வீட்டிலிருந்து மணமகள் வீட்டிற்குத் தட்டுத் தட்டாகச் சீர் செல்கிறது. 'தத்த' என்பது அதன் பெயர். பெரிய ரோகு மீனுக்குச் சேலை சுற்றி, மூக்குத்தி இட்டு, மணப்பெண்போல் அலங்கரிக்கிறார்கள். சேலையை வண்ணத்துப் பூச்சியாக மடித்து வைக்கிறார்கள். ஆயினும் அந்த மீன் குழம்பாகிவிடுகிறது. வண்ணத்துப் பூச்சி விரிந்து சேலையாகிவிடுகிறது. அலங்காரத்தால் பொருளுக்கு எள்ளளவும் கேடில்லை. என் மயிலில் இருந்த பிழை எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ரிசர்வ் வங்கி சொல்வதும் இதைத்தான். 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நம் கொல்கத்தாவில் தோன்றி, 1937-இல் பம்பாய்க்குச் சென்ற வங்கி அது. பணத்தாள்களை மாலையாகக் கட்டாதீர், பந்தலில் தோரணமாக்காதீர், அவற்றின்மேல் எழுதாதீர் என்று அது பொதுமக்களை வேண்டிக்கொண்டுள்ளது. தாள்கட்டுகளைக் கம்பி ஊசியால் தைப்பதையும் 2001-இல் வங்கிகளுக்கு நிறுத்தச் சொல்லிவிட்டது.

2023-ஆம் ஆண்டு தை மாதத்தில் நம் காலனிப் பெண்ணொருத்தி வங்காளி இளைஞர் ஒருவரை மணந்தாள். அத்திருமணத்திற்கு ஓலைச்சுவடி வடிவில் பணச்சுவடி ஒன்று செய்தேன். ஆயிரத்தொரு ரூபாய். நூறு ரூபாய்த் தாள் ஆறு, ஐம்பது ஆறு, இருபது நான்கு, பத்து இரண்டு. ஆகப் பதினெட்டு ஏடுகள். கூட ஒரு காசு.

செய்முறை எளிது. வைட்டக்கானா கடைத்தெருவில் தடித்த காகிதம் வாங்கினேன். 160 மில்லிமீட்டர் அகலமுள்ள நீண்ட பட்டியாக வெட்டி, 80 மில்லிமீட்டருக்கு ஒரு மடிப்பாக விசிறிபோல் முன்னும் பின்னும் மடித்தேன். நூறு ரூபாய்த் தாளின் நீளம் 142, அகலம் 66 மில்லிமீட்டர். பத்து ரூபாய்த் தாள் 123-க்கு 63. இந்த அளவுகளில் அட்டைத்துண்டுகள் வெட்டி, ஒவ்வோர் ஏட்டின்மேலும் உரிய துண்டை வைத்து, நான்கு மூலைகளிலும் சாய்வாகக் கீறினேன். பழைய புகைப்பட ஆல்பத்தில் படம் செருகுவதுபோல் தாளின் மூலைகளை அக்கீறல்களில் செருகிவிட்டால் போதும். பசை வேண்டா, ஊசி வேண்டா, மடிப்பும் வேண்டா. உருவினால் புதுத்தாளாகவே கைக்கு வரும்.

தாளின் பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்தேன். அங்கே பதினைந்து மொழிகளில் தொகை அச்சிடப்பட்டுள்ளது. இரண்டாம் வரி வங்கம், பதின்மூன்றாம் வரி தமிழ். முதல் வரியும் வங்க எழுத்துப்போல் தோன்றும். அது அசாமிய மொழி. 'டாக்கா' என்று மணமகன் வீட்டாரும் 'ரூபாய்' என்று நம்மவரும் ஒரே தாளில் படித்துக்கொண்டார்கள். பத்து ரூபாய்த் தாளில் கோனாரக்கத்துச் சக்கரமும், ஐம்பதில் அம்பியின் கல்தேரும் இருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்.

மேலட்டைக்கு நெட்டி. வங்காளி மணமகன் தலையில் அணியும் 'தோபோர்' முடி எதனால் ஆனது என்று அறிவீர்களா? அவர்கள் சோலா என்பதும் நம் தஞ்சாவூர்க் கைவினைஞர் நெட்டி என்பதும் ஒரே நீர்ச்செடியின் தண்டே. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குமார்துலியில் வாங்கிய நெட்டித் தகடுகளைக் கூரிய கத்தியால் சீவி, அட்டைமேல் ஒட்டினேன். மழுங்கிய கத்தி பட்டால் நெட்டி உதிர்ந்துவிடும், நீரும் படக்கூடாது. மஞ்சளை அட்டையின் மூலையில் மட்டும் தடவினேன், தாள்களில் அன்று. காசிற்கு நெட்டியிலேயே குழி. அந்தக் காசு 1952-இல் திறக்கப்பட்ட நம் அலிப்பூர் நாணயச்சாலையில் அடித்தது. ஆண்டின் கீழே குறி ஏதும் இல்லாவிட்டால் அது கொல்கத்தாக் காசு; பம்பாய்க் காசில் சாய்சதுரக் குறியும் ஐதராபாத்துக் காசில் விண்மீன் குறியும் இருக்கும்.

அட்டையின் உட்புறத்தில் இரு மொழியிலும் ஒரு வரி எழுதினேன்: "வேண்டும்போது உருவிக்கொள்க, சுவடி கோவித்துக்கொள்ளாது." வங்க வாசகத்தை எழுதித் தந்தவர் எதிர்வீட்டு வங்காளி அம்மையார். என் வங்க எழுத்தைக் கண்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மண்டபத்தில் இம்முறை பெரும் பாராட்டு எதுவும் இல்லை. மயிலைப்போல் தொலைவிலிருந்து தெரியக்கூடிய பொருளன்று அது. சென்ற மாதம் அந்தப் பெண்ணை லேக் மார்க்கெட்டில் கண்டேன். முதல் மாதமே எரிவாயு அடுப்பிற்கு முன்பணம் கட்ட நூறு ரூபாய்த் தாள்கள் ஆறும் போயினவாம். ஐம்பதுகள் எப்போது போயின என்பது அவளுக்கே நினைவில்லை. "மாமா, சுவடி இருக்கிறது. பால் கணக்குச் சீட்டும் குழந்தையின் தடுப்பூசி அட்டையும் அதில்தான் வைத்திருக்கிறோம்" என்றாள். ஒரு ரூபாய்க் காசு மட்டும் இன்னும் நெட்டிக் குழியிலேயே இருக்கிறதாம்.

வெறுஞ்சுவடிகள் மூன்று செய்து வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறேன். விரும்பியவர்கள் அளவெடுத்துக்கொள்ளலாம். நெட்டியை மட்டும் பிள்ளைகள் நகத்தால் கிள்ளாமல் தாய்மார்கள் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.