பாசறைக்கு வரும் பிள்ளை

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில், இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய பேச்சு)

ஆண்டு விழாவிலே சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நாமோ ஒரு நோயைப் பற்றியும் ஒரு சிறுவனைப் பற்றியும் பேச எழுந்துள்ளோம். பொறுத்தருள வேண்டுகின்றோம். இதுவும் சமயத்திற்குப் புறம்பான பொருளன்று என்பதைப் பேச்சின் முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகின்றோம்.

சென்ற ஆண்டு இரண்டாந் தவணை விடுமுறையில் நம் சங்கம் கீரிமலைப் பக்கத்திலே நான்கு நாட் பாசறை ஒன்றை நடத்தியதை அறிவீர்கள். அதற்கு வந்த விண்ணப்பங்களுள் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுடையதும் இருந்தது. ‘பிள்ளைக்கு நோய் ஏதும் உண்டா?’ என்ற கேள்விக்கு எதிரே அவனுடைய தாயார், ‘ஈமோபீலியா என்னும் குருதி உறையா நோய் உண்டு’ என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதைப் படித்தவுடன் நாம் நடுங்கிவிட்டோம். ‘கல்லொன்று தடுக்கினால் யார் பொறுப்பு?’ என்றார் ஒருவர். ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்றார் மற்றொருவர். ‘இல்லை’ என்று சொல்ல மனமில்லாதபோது நாம் சொல்லும் சொல் அது. அதையே தாயாருக்கும் எழுதி அனுப்பினோம்.

பாசறை முடிந்த பின்னர் மனம் பொறாது நம்மில் மூவர் அவ்வீட்டுக்குச் சென்றோம். சிறுவன் அறையை விட்டு வெளியே வரவில்லை. தாயார் தேநீர் தந்து உபசரித்த பின்னரே பேசினார். “தம்பிமார், நீங்கள் பயந்தது பிழையில்லை. நானும் பதினொரு வருஷமாய்ப் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என்ன செய்யவேணும் என்று என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். இப்ப அவன் என்ன சொல்லுகிறான் தெரியுமோ? அடுத்த முறை அந்த இடத்திலே ஒன்றும் எழுதாதையுங்கோ அம்மா என்கிறான்.”

அன்பர்களே, இந்த ஒரு வார்த்தையே நம்மை இங்கு பேச வைத்தது. அவனை மறுத்ததால் நாம் அவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று எண்ணியிருந்தோம். உண்மையில் நாம் அவனுக்குக் கற்பித்தது நோயை ஒளிக்கும் வித்தையை. இந்நோயிலோ ஒளித்தலைப்போலக் கேடு தருவது வேறொன்றில்லை. அஃது ஏன் என்பதைச் சொல்லுமுன் நோயின் தன்மையைச் சிறிது கூறுவோம்.

முன்னாளில் நம் தோட்டங்களிலே துலா மிதிப்பவன் ஒருவன், பட்டை பிடிப்பவன் ஒருவன், வாய்க்காலில் நின்று தண்ணீர் கட்டுபவன் ஒருவன். இவர்களுள் ஒருவன் இல்லையேல் பயிருக்கு நீர் சேராது. குருதி உறைதலும் இத்தகையதே. குருதியிற் கரைந்துள்ள பல காரணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்பட்டாலே உறைவு உண்டாகும். எட்டாங் காரணி குறைந்தால் வருவது ஈமோபீலியா ஏ. ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவர் இக்குறையோடு பிறக்கின்றனர். ஒன்பதாங் காரணி குறைந்தால் வருவது ஈமோபீலியா பி. இஃது இன்னும் அரிது. இதனை வேறொரு நோயென 1952-ஆம் ஆண்டிலேதான் பிரித்தறிந்தார்கள். காரணியின் அளவு நூற்றுக்கு 1 பங்கிலும் குறைந்தவர்களே கடுமையான நோயாளர். அவர்களுக்கு அடிபடாமலும் உள்ளே குருதி கசியும்.

இந்நோய் பெரும்பாலும் தாய்வழி எக்ஸ் நிறமூர்த்தத்தினூடாக வருவது. ஆயினும் மூன்றிலொரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்னர் எவருக்கும் இருந்ததில்லை, புதிதாகவே தோன்றுகின்றது. ஆதலின் தாயைக் குறைகூறுவதும், பெண்ணெடுத்த குடும்பத்தைப் பழிப்பதும் அறிவீனம்.

நம்மவர் பலர் நினைப்பதுபோலச் சிறு கீறல் பட்டவுடன் இப்பிள்ளைகளுக்குக் குருதி பீறிட்டுப் பாய்வதில்லை. பிறரிலும் வேகமாகப் பாய்வதில்லை. நிற்பதற்கே நேரஞ் செல்லும். சிறு கீறலைத் துப்புரவான துணியால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாத உட்கசிவுக்கே. முழங்கால், கணுக்கால், முழங்கை என்னும் மூட்டுக்களினுள்ளே குருதி கசியும்போது முதலில் அவ்விடம் கூசும், பின் சூடாகும், பின் இறுகும். வீக்கம் அதன் பிறகே தோன்றும். அதனை மற்றவர் காணுமுன்னரே பிள்ளை அறிந்துவிடுகின்றான். அந்த வேளையில் மருந்தேற்றினால் கசிவு விரைவில் நிற்கும்; மூட்டு பிழைக்கும். ஒரே மூட்டில் மீண்டும் மீண்டும் கசிந்தாலோ அது தேய்ந்து, பிள்ளை முடவனாவான். ஆகவே பாசறையின் பாதுகாப்பு ஒரு சிறுவன் வாய்திறந்து சொல்லும் சொல்லிலேயே தங்கியிருக்கின்றது. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சும் பிள்ளை சொல்லுவானா? சொல்லான்.

காவல் மட்டும் போதுமென்று கருதுவோர்க்கு ருஷ்யச் சக்கரவர்த்தியின் மகன் அலெக்சியின் கதை தக்க விடையாகும். 1904-இல் பிறந்த அக்குழந்தைக்கு இந்நோய் இருந்தது. அவன் விழாமற் பார்த்துக்கொள்வதற்கென்றே கடற்படை வீரர்களை அமர்த்தினார்கள். அப்படியிருந்தும் 1912-இல் தொடையிலும் அரையிலும் உட்கசிவு ஏற்பட்டு மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டான். பேரரசனிடம் ஆள் இருந்தது, பொன் இருந்தது, மருந்து இல்லை.

இன்று மருந்து உண்டு. காளத்தியிலே இறைவன் திருக்கண்ணினின்று குருதி பெருகியபோது கண்ணப்பர் முதலிற் பச்சிலை பிழிந்து பார்த்தார், நிற்கவில்லை. உடலின் குறையை உடலாலேயே தீர்க்கவேண்டுமென்று தெளிந்து தம் கண்ணையே இடந்து அப்பினார். இந்நோயின் வைத்திய வரலாறும் அவ்வழியே சென்றது. 1964-இல் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்னும் பெண் விஞ்ஞானி, உறையவைத்த குருதித் திரவவிழையத்தைக் குளிரிலே மெல்ல இளகவிட்டால் அடியிற் படியும் பொருளில் எட்டாங் காரணி மிகுதியாக இருப்பதைக் கண்டார். பிறர் தானஞ்செய்த குருதியே பிள்ளைகளுக்கு மருந்தாயிற்று. பலருடைய குருதியைச் சேர்த்துச் செய்த மருந்தினூடாக 1980-களில் எயிட்ஸ் கிருமி பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தது அவ்வரலாற்றின் துயரப் பகுதி. 1992 முதல் மனிதக் குருதியை நம்பாது ஆய்கூடத்தில் உண்டாக்கிய காரணியும் கிடைத்தது. 2017-இல் எமிசிசுமாப் என்னும் மருந்து வந்தது. அது ஈமோபீலியா ஏ நோயாளருக்குத் தோலின்கீழ் ஊசியாகப் போடப்பட்டுக் கசிவு வராமற் காப்பது.

வேறு நாடுகளில் இப்பிள்ளைகளைப் பாசறைக்கு அழைத்துச் செல்வது புதுமையன்று. அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்திலே, நடிகர் போல் நியூமன் 1988-இல் தொடங்கிய பாசறை, புற்றுநோயும் கொடிய குருதி நோயும் உடைய பிள்ளைகளுக்கென்றே கட்டணமின்றி நடைபெறுகின்றது. ஈமோபீலியாப் பிள்ளைகளுக்கெனத் தனியே நடக்கும் பாசறைகளும் உள. தன் நாளத்தில் தானே ஊசியேற்றப் பல சிறுவர்கள் பழகிக்கொள்வது அங்கேதான். வீட்டிலே தாய் நூறுமுறை சொல்லியும் செய்யாததை, பக்கத்திலிருக்கும் பையன் செய்வதைப் பார்த்தவுடன் செய்துவிடுகின்றான்.

இனி நாம் செய்யவேண்டியது யாது? திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வைத்தியத்திற்கு நான்கு கூறுகளைச் சொல்லுகின்றார்: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திருந்து பணிசெய்வோன். அவ்வொழுங்கையே நாமும் பின்பற்றுவோம்.

முதலாவது, பிள்ளை. பாசறைக்குச் சில கிழமைகளுக்கு முன்னரே அவனைச் சித்தி வீட்டிலோ மாமி வீட்டிலோ ஓரிரவு தங்கவிட்டுப் பழக்கவேண்டும். தன் நோயின் பெயர், குறைந்த காரணி, தான் எடுக்கும் மருந்து ஆகியவற்றை அவனே சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். கூசுகின்றதா, சூடாகின்றதா, உடனே சொல்லு என்று வீட்டார் பழக்குவர். ‘சொன்னதற்காக உன்னை வீட்டுக்கு அனுப்பமாட்டோம்’ என்று பாசறைத் தலைவர் முதல்நாளே அவனுக்கு வாக்குக் கொடுக்கவேண்டும். கபடியும் கடினப் பந்தும் அவனுக்கு ஆகா. நீச்சல் மூட்டுக்களுக்கு வலுத் தருவது. வைத்தியர் இசைந்தால் கீரிமலைக் கேணியில் எல்லாருடனும் நீந்தட்டும், பாசி படிந்த படிகளில் மட்டும் ஓடவேண்டாம். கூட்டுப் பிரார்த்தனையும் நாடகமும் அவனுக்கும் உரியன. நான்கு நாளும் ஒரு மூலையில் இருத்திப் புள்ளி எழுதவைப்பது அழைத்துச் சென்றதாகாது.

இரண்டாவது, வைத்தியர். பிள்ளை வழக்கமாகச் செல்லும் வைத்தியசாலையிலிருந்து ஒரு கடிதம் பெறவேண்டும். நோயின் வகை, கடுமை, மருந்தின் அளவு, முன்பு கொடுத்த காரணிக்கு உடலில் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கின்றதா என்னும் விபரம், அழைக்கவேண்டிய தொலைபேசி எண் ஆகியன அதில் இருத்தல் வேண்டும். ஒரு பிரதி நம்மிடமும், ஒன்று பிள்ளையின் பையிலும் இருக்கட்டும். பாசறைக்கு அண்மையிலுள்ள வைத்தியசாலையில் அம்மருந்து உண்டா என்பதை முன்கூட்டியே நேரிற் சென்று கேட்டறியவேண்டும்.

மூன்றாவது, மருந்து. காரணி மருந்தைப் பொதுவாக 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தல் வேண்டும், உறையவும் விடலாகாது. ஆகவே குளிர்ப்பெட்டியிற் கொண்டுசெல்லும்போது பனிக்கட்டியோடு நேரே முட்டாமல் துணியிற் சுற்றி வைக்கவேண்டும். நம் ஊர் வெயிலில் அதை பஸ்ஸின் பின்பெட்டியிற் போடாது ஒருவர் கையிலேயே வைத்திருத்தல் நன்று. வழக்கமான அளவுக்கு மேல் அவசரத்திற்கும் எவ்வளவு வேண்டுமென்பதை வைத்தியர் சொல்வார். நோவென்று அஸ்பிரினோ ஐபுபுரோபெனோ கொடுக்கவே கூடாது. அவை கசிவை மிகுவிக்கும். வேண்டுமாயின் பனடோல், அதுவும் உரிய அளவில். காய்ச்சல் கண்டால் டெங்குவாக இருக்கலாம் என்பதால் தாமதியாது வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நான்காவது, பணிசெய்வோர். அவர்கள் நாமே. இருவரையேனும் முன்னதாக வைத்தியசாலைக்கு அனுப்பி முதலுதவி பழகச்செய்யவேண்டும். மூட்டு நொந்தால் ஓய்வு கொடுத்து, துணி சுற்றிய பனிக்கட்டி வைத்து, இதமாகக் கட்டி, உயர்த்தி வைத்து, மருந்துக்கு ஒழுங்கு செய்யவேண்டும். சுளுக்கென்று எண்ணி நோவெண்ணெய் பூசி உருவுதல் ஆகாது. அது கசிவைப் பெருக்கும். தலையில் அடிபட்டாலும், கழுத்து வீங்கினாலும், அரையில் நோவெடுத்துக் கால் நீட்டமுடியாவிட்டாலும், ‘பார்ப்போம்’ என்று இருத்தலாகாது. பிள்ளை நன்றாயிருப்பதுபோலத் தோன்றினாலும் கைவசமுள்ள மருந்தை முதலில் ஏற்றி, 1990 என்னும் எண்ணுக்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். நாள்தோறும் இரவு ஒரு குறித்த நேரத்தில் தாயாருடன் தொலைபேசியிற் பேசுவதும் இப்பணியில் அடங்கும். அந்நேரம் ஒன்று உறுதியாக இருந்தால் அவர் பகல் முழுதும் பதறியிருக்கமாட்டார்.

பெரியோர்களே, ‘யார் பொறுப்பு?’ என்ற கேள்வி தவறானதன்று. சென்ற ஆண்டு நாம் அதைக் கேட்டோமேயன்றி விடை தேடவில்லை. நால்வருள் மூவர் ஆயத்தமாயிருக்க, நான்காமவராகிய நாமே ஓடிவிட்டோம். இவ்வளவு செய்தும் ஒன்றும் நேராது என்று எவரும் உறுதி கூறமுடியாது. நேர்ந்தால் என்ன செய்வதென்று அறிந்த இருவர் பக்கத்தில் இருப்பார்கள் என்றே உறுதி கூறலாம். அவன் வீட்டு முற்றத்திலும் கல் உண்டு.

ஆதலின் செயற்குழுவிடம் நாம் வேண்டுவன மூன்று. வைத்தியரைக் கலந்தாலோசியாது எப்பிள்ளையின் விண்ணப்பத்தையும் நோய் காரணமாக மறுக்கலாகாது. பாசறைத் தொண்டர் அனைவருக்கும் ஒருநாள் முதலுதவிப் பயிற்சி நடத்தவேண்டும். சங்க நிதியிலிருந்து நல்ல குளிர்ப்பெட்டி ஒன்று வாங்கவேண்டும். அடியார்க்கு அமுதளிக்கவும் தேர்வடம் பிடிக்கவும் முன்னிற்கும் நம்மவருக்கு இவை பெரிய காரியங்களல்ல.

இவ்வாண்டுப் பாசறைக்கான விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிட்டன. அச்சிறுவனுடையதும் வந்திருக்கின்றது. நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே தாயார் சென்ற ஆண்டு எழுதியதையே மீண்டும் எழுதியிருக்கின்றார். அதன் கீழே இம்முறை பிள்ளையும் தன் கையெழுத்தில் ஒருவரி சேர்த்திருக்கின்றான்: ‘எனக்கு நீந்தத் தெரியும்.’ வரும் ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடும்போது அவ்விண்ணப்பம் மேசைமீது இருக்கும். அதற்கு என்ன எழுதுவது என்பதை உங்கள் முடிவுக்கே விடுகின்றோம்.