சவ்வைப் பற்றும் உயிர்: ஒரு கலைச்சொல்லின் பொறுப்பு



சிங்கப்பூரின் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை 2005ஆம் ஆண்டு துவாஸ் பகுதியில் திறக்கப்பட்டது. அங்குக் கையாளப்படும் முறை எதிர்ச் சவ்வூடு பரவல். வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு அழுத்தத்தில் கடல்நீரைச் சவ்வின்மீது செலுத்தினால், நீர் ஊடுருவும், உப்பு பின்தங்கும். அச்சவ்வுக்கு நேரும் ஓர் இடர்ப்பாட்டையும் அதற்கு நாம் இடும் பெயரையும் இன்று ஆராய்வோம்.

கடல்நீரிலுள்ள நுண்ணுயிரிகள் சவ்வில் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான பசையைச் சுரந்து, அதனுள் பெருகுகின்றன. நீர்வழி அடைபடுகிறது, மின்செலவு உயர்கிறது, கிடைக்கும் நன்னீரோ குறைகிறது. இதனை 'உயிரியல் மாசு' என்று எழுதுவோர் உளர். அச்சொல் பிழையான எண்ணத்தை ஊட்டுகிறது என்பதே நம் கருத்து. தூசு வந்த அளவே இருக்கும், துடைத்தால் போகும். உயிரியோ நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மடிந்தாலும் எஞ்சிய ஒன்றிலிருந்து மீண்டும் பெருகும்.

குளோரினைக் கலந்து கொல்லலாகாதோ என மாணவர் வினவலாம். இரண்டு தடைகள் உள. பாலியமைடுச் சவ்வைக் குளோரின் சிதைக்கும். ஆகவே சவ்வை அடையுமுன் சோடியம் பைசல்பைட்டு சேர்த்து அதனை நீக்க வேண்டும். மேலும், குளோரின் நீரிலுள்ள பெரிய கரிமப் பொருள்களைச் சிறு கூறுகளாக உடைக்கிறது. தப்பிப் பிழைத்த உயிரிகளுக்கு அவை எளிய உணவாகின்றன. பகைவனை அழிக்கச் சென்று அவனுக்கே சோறிட்ட கதை இது.

ஆதலின், உணவைக் குறைப்பதே முதற்காப்பு. 2018இல் திறக்கப்பட்ட துவாஸ் ஆலையில், நுண்குமிழிகளைக் கொண்டு பாசி முதலியவற்றை மிதக்கச் செய்து அகற்றுகின்றனர். பின்னர் மீநுண் வடிகட்டியில் செலுத்துகின்றனர். அதன் பின்னரே நீர் உயரழுத்தச் சவ்வை அடைகிறது. பிடித்ததைக் காரக் கரைசலால் கழுவலாம். ஆயினும் மடிந்த உயிரிகளின் பசை எஞ்சினால், புதியவை அதன்மீதே குடியேறும்.

இவ்வியல்பைத் தாங்கும் சொல் நம்மிடம் உண்டு: 'பற்று'. சோறு ஒட்டிய கலத்தைப் பற்றுப் பாத்திரம் என்கிறோம். தீப் பற்றியது என்கிறோம். முன்னதில் ஒட்டுதலும் பின்னதில் பரவுதலும் விளங்குகின்றன. ஆகவே 'உயிரிப்பற்று' எனலாம். 'மொழிப்பற்று' போல் அன்பைக் குறிக்குமோ எனின், 'உயிர்' என்னாது 'உயிரி' என்றதும் சூழலும் அவ்வையத்தைக் களையும்.

'மாசு' என்று கற்ற மாணவர் கழுவுவதையே எண்ணுவர். 'பற்று' என்று கற்றவர், பற்றாமற் காப்பதை முதலில் எண்ணுவர். கலைச்சொல் வெறும் பெயரன்று. சிந்தனைக்குக் காட்டும் வழி. இதனை ஏற்பதும் திருத்துவதும் உங்கள் வகுப்பறைகளுக்கு உரியன.