கையெழுத்துப் போடும் முன்னே



எனக்கு 1985இல் கல்யாணம். அப்பா 1998இல் தவறிட்டார். வேலூரில் எங்கள் பூர்வீகக் கொடிக்கால் அப்போது பாகம் பிரியவில்லை.

1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் தந்தது. ஆனால் திருத்தம் வந்த 9.9.2005 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்கணும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு தடவையும் எனக்குப் பங்கில்லைங்க.

11.8.2020 அன்று வினிதா சர்மா வழக்கில் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் மாற்றிச் சொன்னார்கள்: மகளுக்குப் பங்கு பிறப்பாலேயே வருகிறது, அப்பா அன்று உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை. 20.12.2004க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட்டு மூலமோ பிரித்த பாகத்தை இது கலைக்காது.

அடுத்த தை மாதம் அண்ணன் விடுதலைப் பத்திரத்தோடு வந்தார். "ஒரு கையெழுத்துதானே கண்ணு" என்றார். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேனுங்கண்ணா" என்றேன். எட்டு மாதம் பேச்சுவார்த்தையில்லை. அப்புறம் அவரே பாகம் பிரிக்கக் கூப்பிட்டார்.

கோர்ட்டு கொடுத்த பங்கை நாமளே ஒரு கையெழுத்துல விட்டுடலாமுங்க. விட்டுக்கொடுக்கிறதும் நம்ம இஷ்டம்தான். ஆனா தெரிஞ்சு கொடுங்க.