விரிசல் விட்ட ட்ரோனுக்கு மூங்கில் சிம்பு

வயலை மேலிருந்து படம் பிடிக்க 249 கிராம் எடையில் சின்ன ட்ரோன் வைத்திருப்பவர்களுக்காக இன்று பேசுகிறேன். மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோனுக்கு இந்தக் கைவைத்தியம் ஆகாது. அதை விற்றவரிடமே கொண்டுபோங்கள்.

போன வருஷம் என்னுடைய ட்ரோன் தென்னை மட்டையில் இடித்து, பின் கையில் மயிரிழை மாதிரி விரிசல் விட்டது. உடனே ஒட்டுகிற பசையில் ரெண்டு சொட்டு விட்டுப் பறக்கவிட்டேன். அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரிதான், அதிர்வு தாங்காது. கை முறிந்து, களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நாலு முழம் தள்ளி விழுந்தது. ஆள் இருக்கும் பக்கம் ஓட்டியதும் என் தப்புதான்.

முறிந்த கைக்குப் புதுக் கைதான் மாட்ட வேண்டும். விரிசலோடு நிற்கிற கைக்கு என்ன செய்றது? ஆட்டுக்குட்டிக்குக் கால் ஒடிந்தால் சிம்பு வைத்துக் கட்டுகிறோம் இல்லையா, அதேதான். முதலில் பேட்டரியையும் இறக்கைகளையும் கழற்றிவிடுங்கள். விரிசலைச் சுற்றி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். ரெண்டு குழாயில் வருகிற எபாக்ஸி பசையைச் சம அளவில் கலந்து மெல்லப் பூசி, தீக்குச்சியில் பாதி கனத்துக்குச் சீவிய மூங்கில் சிம்பை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். அதன்மேல் இன்னொரு பூச்சு. ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும். மடங்குகிற மூட்டுக்குள் பசை இறங்கிவிடக்கூடாது, ஜாக்கிரதை.

கம்பி வைத்துக் கட்டலாமே என்று தோன்றும். சில ட்ரோன்களில் முன் காலுக்குள்தான் ஏரியல் இருக்கிறது. கம்பியோ கார்பன் குச்சியோ அங்கே வைத்தால் ட்ரோனுக்கும் உங்கள் கையிலுள்ள கருவிக்கும் தொடர்பு அறுந்துபோகலாம். மூங்கிலில் அந்தத் தொல்லை இல்லை.

ஆசைப்பட்டு நாலு கையிலும் பூசிவிடாதீர்கள். 2021-ஆம் வருஷத்து இந்திய ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரைதான் நானோ வகை. ரெண்டு கிராம் ஏறினாலே மைக்ரோ வகை, அதற்குக் கட்டுப்பாடு வேறே. கட்டிய பிறகு நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

இறக்கையில் கீறல் கண்டால் ஒட்டவே ஒட்டாதீர்கள். நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிற பொருள் அது. புதிதாக மாற்றுங்கள்.

முதல் தடவை ஆளில்லாத தரிசில், இடுப்பு உயரத்தில் ரெண்டு நிமிஷம் நிறுத்துங்கள். இறக்கியதும் கட்டை நகத்தால் கீறிப் பாருங்கள். இளகியிருந்தால் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான்.