சுரண்டுவதிலும் ஒரு நிதானம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் இருப்பது வளைகுடாவில், படகு பழுதுபார்க்கும் இடத்தில். அங்கே பாதி நாள் என் வேலை, படகுக் காலைச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வைப்பது. "இதுக்கா இன்ஜினியரிங் படிச்சீங்க மாப்பிள்ளை?" என்று என் மாமனாரே கேட்டிருக்கிறார். இதற்குத்தான் படித்தேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கால் என்று நான் சொல்வது ஸ்டெர்ன் டிரைவ். இன்ஜின் படகுக்குள்ளே இருக்கும். பின்பலகைக்கு வெளியே கியரும் புரொப்பெல்லரும் கொண்ட ஒரு கால் தண்ணீரில் தொங்கும். 1959-ல் வால்வோ பென்டா கம்பெனி 'அக்வாமேட்டிக்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1961-ல் மெர்குரூசர் வந்தது. எடை குறைவாக இருக்க வேண்டுமே என்று இதை அலுமினியக் கலவையில் வார்க்கிறார்கள்.

படகு மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கட்டிக் கிடந்தால் காலில் பாசி பிடிக்கும், குழாய்ப் புழு ஏறும், பார்னக்கிள் ஒட்டும். இந்தப் பார்னக்கிள் பார்க்கச் சிப்பி மாதிரி இருந்தாலும் நண்டு, இறால் வம்சம். குஞ்சாக நீந்தி வந்து, தலையை ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்ளும். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பல படகுகளில் இந்தக் கால் வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்தத் துளை அடைத்தால் நடுக்கடலில் இன்ஜின் சூடேறி நின்றுவிடும். ஆகவே சுத்தம் பண்ணியே ஆக வேண்டும். ஆனால் நான் பார்த்தவரையில், பார்னக்கிள் கெடுத்த கால்களைவிடச் சுத்தம் பண்ணிக் கெடுத்த கால்கள்தான் அதிகம்.

காரணம் நம் முதல் வருஷக் கெமிஸ்ட்ரியில் இருக்கிறது. அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாக உண்டாகும் ஆக்சைடு தோல். சில நானோமீட்டர் கனம்தான். பிஎச் 4-லிருந்து 8.5 வரை அது தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே ஆசிட் கரைக்கும், மேலே காரம் கரைக்கும். 'ஆசிட் ஊற்றினால் கூடு நுரைத்துக் கரையுதே சார்' என்பார்கள். கரையும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கூட்டோடு நிற்காமல் உலோகத்திலும் குழி போட்டுவிடும். காஸ்டிக் சோடா இன்னும் மோசம். அலுமினியத்தைத் தின்று, தீப்பற்றும் ஹைட்ரஜனை வெளியே விடும்.

சரி, எப்படிச் செய்வது? படகைத் தண்ணீரிலிருந்து தூக்கியவுடன், ஈரம் காயும் முன்பே பிரஷரில் தண்ணீர் அடியுங்கள். காய்ந்துவிட்டால் கல் மாதிரி இறுகிவிடும். மிச்சத்தைப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால், படுக்கவைத்துத் தள்ளி எடுங்கள். இரும்பு வயர் பிரஷ் வேண்டவே வேண்டாம். அதன் துகள் அலுமினியத்தில் புதைந்து, உப்புத் தண்ணீர் பட்டதும் குட்டிக் குட்டி பாட்டரியாகிவிடும். பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினோமே கால்வானிக் சீரீஸ், அதுதான் இது!

பழைய பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் முழுக்க உரிக்காதீர்கள். உப்புத்தாள் போட்டு ஓரத்தைச் சரித்துவிட்டால் போதும். கொப்புளம் கிளம்பிய இடத்தைத் திறந்தால் உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். அது அலுமினியம் அரித்த பொடி. அங்கே மட்டும் பளபளவென்று உலோகம் தெரியும்வரை போக வேண்டும். பழைய கடல் பெயிண்டில் விஷம் இருக்கும் என்பதால் ஈரம் வைத்தே தேயுங்கள். கழிவைக் கடலில் விடாமல் அள்ளுங்கள். டிபிடி என்ற வெள்ளீயக் கலவை போட்ட பெயிண்டைத் தடுக்க 2001-ல் உலக ஒப்பந்தம் போட்டு, 2008-ல் அமலுக்கு வந்தது நினைவிருக்கலாம்.

பெயிண்ட் உரிக்கும் திரவத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பழைய பாணித் திரவங்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனம், தாழ்வான இடத்தில் தேங்கும். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, குளியல் தொட்டிக்கு மெருகு போடும் வேலையில் மட்டும் 13 பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். 2019-ல் வீட்டு உபயோகத்துக்கு அதைப் பெயிண்ட் நீக்கியாக விற்பதை அங்கே தடுத்தார்கள். துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் ஆவி நிற்காது. இன்னொன்று, காலையும் படகையும் இணைக்கும் ரப்பர் பெல்லோஸ் மேல் இந்தத் திரவம் பட்டாலோ கத்தி கீறினாலோ போச்சு. பெல்லோஸ் கிழிந்த படகு, கட்டின இடத்திலேயே தண்ணீர் ஏறி மூழ்கிவிடலாம்.

சுத்தமானதும் நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு எடுத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் ஆக்சைடும் ஈரமும் முந்திக்கொள்ளும். மேல்பூச்சில் தாமிர ஆக்சைடு இருக்கவே கூடாது. தாமிரமும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் தோற்பது அலுமினியம்தான்.

கடைசியாக அனோடு. காலுக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுக்கும் உலோகக் கட்டி. கடலுக்கு ஜிங்க் அல்லது அலுமினியக் கலவை, நல்ல தண்ணீருக்கு மெக்னீசியம். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். அழகுக்காக அதன் மேலும் பெயிண்ட் அடிக்கும் புண்ணியவான்கள் உண்டு. அப்புறம் கால்தான் அனோடு!

நம் தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் ஃபைபர் படகில் மாட்டும் அவுட்போர்டு இன்ஜினின் காலும் அலுமினியம்தான். படகைக் கரைக்கு ஏற்றிவிடுவதால் பார்னக்கிள் தொல்லை குறைவு. ஆனால் மணல் உரசிப் பெயிண்ட் போன இடத்துக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும்.

நண்பர்களே, நம்மில் பலர் இன்று மேனேஜர்கள், காண்ட்ராக்டர்கள். சுரண்டியைப் பிடிப்பது நாம் இல்லை. ஊரிலிருந்து கடன் வாங்கி விமானம் ஏறி வந்த ஒரு பையன். அவனுக்குச் சரியான முகமூடி, கையுறை, காற்றோட்டமான இடம், இன்னும் ஒரு அரை நாள் அவகாசம் கொடுங்கள். "சீக்கிரம் முடி" என்று நாம் அவசரப்படுத்தும்போதுதான் அவன் ஆசிட் கேனைத் தேடுகிறான். இங்கே படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு இதில் சந்தேகம் இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் தாராளமாகக் கேளுங்கள்.