அலைபேசிக் கோபுரம்: முடிவெடுப்பவர் யார்?

(குடியிருப்புப் பகுதியில் அலைபேசிக் கோபுரம் அமைப்பதை எதிர்த்து, செங்கல் ஊராட்சியில் நடைபெற்ற விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



குடியிருப்புகளின் நடுவே அலைபேசிக் கோபுரம் வருகிறது என்ற செய்தி எந்த ஊரில் பரவினாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: புற்றுநோய் வருமா? மூன்று சென்ட், ஐந்து சென்ட் மனையில் வாழ்நாள் உழைப்பைக் கொட்டி வீடு கட்டியவர்கள் இப்படிக் கேட்பது இயல்பே. இந்தக் கேள்வியை எள்ளி நகையாடுகிறவர்களோடு நாம் இல்லை. அதே வேளையில், உண்மையான பதிலைச் சொல்லாமல் போராட்டத்துக்கு ஆள் திரட்டுவதும் நம் வழியல்ல.

அறிவியல் இதுவரை சொல்வது என்ன? 2011இல் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, ரேடியோ அலைகளை '2பி' என்ற பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயம் உண்டு, உறுதிசெய்யப் போதிய சான்று இல்லை என்பதே அப்பிரிவின் பொருள். 2024இல் உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்பேரில் வெளியான ஆய்வுத் தொகுப்பு, அலைபேசிப் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகக் காணவில்லை. இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கு கதிர்வீச்சுக்கு மட்டுமே அனுமதி உண்டு. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது சதுர மீட்டருக்கு 0.45 வாட். ஆகவே, கோபுரம் வந்தால் ஊரே நோயில் வீழும் என்று மேடையேறி முழங்க நம்மிடம் சான்று இல்லை.

சான்றில்லாத வாதம் நீதிமன்றத்தில் என்னவாகும் என்பதை கேரளம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. கோழிக்கோடு மாவட்டம் சேமஞ்சேரி கிராமப் பஞ்சாயத்து தொடர்பான வழக்கில் 2006இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவியல் ஆதாரம் ஏதுமின்றி, உடல்நலக் கேடு நேரும் என்ற அச்சத்தை மட்டும் காரணம் காட்டி அனுமதி மறுக்க இயலாது என்பது அதன் சாரம். அதன் பிறகு பல ஊர்களில் நிறுவனங்கள் காவல்துறைப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்று உத்தரவு பெற்றுள்ளன. மறியலில் அமர்ந்த பெண்கள்மீது வழக்கு மிஞ்சும், கோபுரமும் எழும்பிவிடும். அச்சத்தை மட்டும் அடித்தளமாகக் கொண்ட போராட்டத்தின் முடிவு இதுதான்.

அப்படியானால் நாம் எதை எதிர்க்கிறோம்? நம்மைக் கேளாமலே நம் நடுவில் முடிவெடுக்கப்படுவதை எதிர்க்கிறோம். கோபுர நிறுவனமும் நில உரிமையாளரும் கையெழுத்திட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. டீசல் ஜெனரேட்டரின் புகையும் இரைச்சலும் அடுத்த வீட்டுக்காரருக்கு. துலாமழைக் காலத்து இடிமின்னலில் அந்த இரும்புத் தூணின்கீழ் உறங்குவது எதிர்வீட்டுக் குழந்தை. மண் தாங்குமா, அடித்தளம் எவ்வளவு ஆழம், சான்றளித்த பொறியாளர் யார் என்று கேட்கும் உரிமை இவர்களுக்கு இல்லையா?

இந்த உரிமையை மேலும் சுருக்கும் சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. 2023 டிசம்பரில், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்ட கூட்டத்தொடரில், தொலைத்தொடர்புச் சட்டத்தை ஒன்றிய அரசு இரண்டே நாள்களில் இரு அவைகளிலும் நிறைவேற்றிக்கொண்டது. நில உரிமையாளர் மறுத்தாலும், பொதுநலனுக்குத் தேவை என்று ஒன்றிய அரசு கருதினால் வழியுரிமையைப் பெற்றுத் தர இச்சட்டம் இடமளிக்கிறது. அதுமட்டுமன்று. அலைபேசிக் கோபுரங்கள்மீது சொத்துவரி விதிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்திருந்தது. புதிய சட்டமோ, தொலைத்தொடர்புக் கட்டமைப்பை அது நிற்கும் சொத்தின் பகுதியாகக் கருதக்கூடாது, சொத்துவரிக்கும் அவ்வாறே என்று கூறி அத்தீர்ப்பின் பயனைப் பறித்துவிட்டது. ஓட்டு வீட்டுக்கு நாம் வரி கட்டுகிறோம். கோடிகளில் புரளும் நிறுவனத்தின் இரும்புக்கு வரியில்லை. பஞ்சாயத்துக்கு வாய்ப்பூட்டும் போட்டு, மடியிலும் கைவைத்திருக்கிறார்கள்.

தோழர்களே, அலைபேசியே வேண்டாம் என்பதல்ல நம் நிலைப்பாடு. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, அலைவரிசை தேடி மாணவர்கள் குன்றேறியதைக் கண்டோம். இணையம் மக்களின் உரிமை என்று அறிவித்து, 2023 ஜூன் 5 அன்று கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது இடது ஜனநாயக முன்னணி அரசு. மறுபுறம், பி.எஸ்.என்.எல். நிறுவனத்துக்கு 4ஜி சேவையை உரிய காலத்தில் தராமல் இழுத்தடித்து, 2020 ஜனவரியில் ஏறத்தாழ 78,000 ஊழியர்களை விருப்ப ஓய்வில் அனுப்பியது ஒன்றிய அரசு. மக்களுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்ட பொதுத்துறை தளர்ந்த இடத்தில்தான், லாபத்துக்கு மட்டும் பதில்சொல்லும் தனியார் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். நிலத்தை வாடகைக்குக் கொடுக்க முன்வருபவர் நம் பகைவர் அல்லர். ரப்பர் விலை வீழ்ந்து, மகளின் திருமணக் கடனும் மருத்துவக் கடனும் கழுத்தை நெரிக்கும்போது, மாதந்தோறும் வரும் வாடகை யாரையும் ஈர்க்கும். அவர் வீட்டு வாசலில் முழக்கமிடுவதும், அவரோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்துவதும் நிறுவனத்துக்குத்தான் உதவும். அவரையும் கிராமசபைக்கு அழைத்து வாருங்கள்.

எல்லையோரத்தில் வாழும் நமக்கு மொழியும் ஒரு தடை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு இணைந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு கிழித்தார்கள், மக்களின் மொழி கோட்டின் இருபுறமும் கலந்தே நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தையும் தொழில்நுட்ப அறிக்கையையும் நீட்டி, 'எல்லாம் இதில் இருக்கிறது' என்பது தகவல் தருவதாகாது. மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர் மனு அளிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு தருகிறது. தமிழிலேயே எழுதுங்கள், பதிலைக் கேட்டு வாங்குங்கள்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, கட்டட உறுதிச் சான்று, மண் பரிசோதனை, வரைபடம் ஆகியவற்றை மலையாளத்திலும் தமிழிலும் பஞ்சாயத்து அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கவேண்டும். இரண்டு, கிராமசபை கூடி விவாதிக்கும்வரை பணி தொடங்கக்கூடாது. ஏற்கெனவே நிற்கும் கோபுரத்தைப் பகிர முடியுமா, வீடுகளிலிருந்து விலகிய இடம் உண்டா என்பதை அங்கே நிறுவனம் விளக்கட்டும். மூன்று, 'தரங் சஞ்சார்' இணையதளம் வழியே கதிர்வீச்சை அளக்கக் கோரலாம். 2017இல் அது தொடங்கியபோது கட்டணம் 4,000 ரூபாய். நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்ணால் இயலாத தொகை அது. எனவே அளவீட்டுச் செலவை நிறுவனம் ஏற்று, முடிவை ஊரறிய வெளியிடவேண்டும். நான்கு, உள்ளாட்சியின் வரி உரிமையைப் பறித்த 2023ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவைத் திருத்தவேண்டும்.

மாவட்ட ஆட்சியர் தலைமையிலான தொலைத்தொடர்புக் குழுவிடம் முதல் மூன்றையும் எழுத்தில் கொடுப்போம். நான்காவதை நாடெங்கும் கொண்டு செல்வோம். கோபுரம் கண்டால் கைகூப்புவது நம் மரபு. ஆனால் இந்தக் கோபுரத்தின் முன் கைகட்டி நிற்கவேண்டிய கடன் நமக்கில்லை. மனுவில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் கிராமசபைக்கும் வந்து அமருங்கள். அங்கே நிறையும் இருக்கைகள்தாம் நம் வலிமை.