அம்மி மிதித்தலும் மிக்ஸிக்குக் குங்குமமும்

(ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வாழ்க்கை ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது. வழக்கம்போல மணமக்களுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லும்படி தலைவர் உத்தரவிட்டிருக்கிறார். புத்தி சொல்லுகிற அளவுக்கு நாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் அல்ல. ஆனால் வந்தது முதல், மேடைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிற சீர் சாமான்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். குக்கர் இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, காஸ் அடுப்பும் இருக்கிறது. இவைகளைப் பற்றியே பேசிவிடலாமென்று தோன்றுகிறது. திருமண மேடையில் அடுப்பங்கரைச் சமாசாரமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கல்யாணம் என்றால் பெண்ணை ஓர் அடுப்பங்கரையிலிருந்து இன்னோர் அடுப்பங்கரைக்கு மாற்றுவது என்றுதானே இந்த நாட்டில் நெடுங்காலமாய் அர்த்தம்? ஆகையால் இதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடையாது. (சிரிப்பு)

இங்கே உட்கார்ந்திருக்கிற பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். இட்லி என்றால் அவர்களுக்கு என்ன? முதல் நாள் சாயங்காலம் ஆட்டுக்கல்லின் முன் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கையால் குழவியைச் சுற்றி, மறு கையால் மாவைத் தள்ளித் தள்ளி, தோள்பட்டை இற்றுப்போகிற வரையில் ஆட்டுவதுதான் இட்லி. குழம்பு என்றால் அம்மி. சோறு என்றால் உரலும் உலக்கையும். இவை எல்லாவற்றுக்கும் மேல் விறகுப் புகை. ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் கெட்டுப்போன பெண்கள் எத்தனை பேர்? விறகு, வறட்டி, கரி ஆகியவற்றால் வீட்டுக்குள் உண்டாகும் புகையினால் 2020-ஆம் வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் செத்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுகிறது. இந்தக் கொலைகாரனுக்குத்தான் நம் வைதீகர்கள் அக்கினி பகவான் என்று பெயர் வைத்து, அவனைச் சாட்சியாகக் கூப்பிட்டுக் கல்யாணம் செய்கிறார்கள்.

சரி, இந்தக் கஷ்டத்தைப் போக்க நமது புராணக்காரர்கள் ஏதாவது யோசித்தார்களா? ஆகாயத்தில் பறக்கப் புஷ்பக விமானம் உண்டு. ஊரை எரிக்க அஸ்திரம் உண்டு. நாலு பேருக்கு மாவு அரைக்க ஒரு சின்னஞ்சிறு யந்திரம் எந்தப் புராணத்திலாவது உண்டா? ‘ஏன், அட்சய பாத்திரம் இல்லையா?’ என்று ஒரு சாஸ்திரி கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தக் கதையையே எடுத்துக்கொள்ளுவோம். சூரியன் தர்மனுக்குப் பாத்திரம் கொடுத்தான். அள்ள அள்ளச் சோறு வரும். எதுவரையில்? பாஞ்சாலி சாப்பிட்டு முடிக்கிற வரையில்தான்! அவள் சாப்பிட்டாளோ, அன்றைக்குச் சோறு தீர்ந்தது. அதனால் ஐந்து புருஷர்களும், வந்த விருந்தாளிகளும் தின்று முடிக்கிற வரையில் அவள் பட்டினி. ஒரு நாள் அவள் சாப்பிட்ட பிறகு துர்வாசர் பரிவாரத்தோடு வந்துவிட்டார் என்றதும் நடுநடுங்கிப் போனவளும் அவளே. ஒன்றுமில்லாத பாத்திரத்திலிருந்து மலைபோல் சோறு வருவதைக் கற்பனை செய்ய முடிந்தவனுக்கு, பெண்பிள்ளை முதலில் சாப்பிடுவாள் என்பதை மாத்திரம் கற்பனை செய்ய முடியவில்லை. (கைதட்டல்)

இனி, அற்புதம் எதுவும் தெரியாத மனிதர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். டெனிஸ் பாபின் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1679-ல் லண்டனில், மூடி இறுக்கிய ஒரு பாத்திரத்தில் எலும்பைப் போட்டு வேகவைத்து மிருதுவாக்கிக் காட்டினார். அது வெடித்துவிடாமல் இருக்க, அளவுக்கு மேற்பட்ட ஆவி தானே வெளியேற ஒரு வால்வும் கண்டுபிடித்தார். இதுதான் குக்கரின் மூதாதை. இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. திறந்த பானையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவியாய்ப் போய்விடும். ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தம் ஏறவிட்டால் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் பருப்பு வெகு சீக்கிரத்தில் வெந்துவிடுகிறது. இதற்கு நேர் மாறாக, உதகமண்டலம் போன்ற உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே திறந்த பாத்திரத்தில் பருப்பு சீக்கிரத்தில் வேகாது. மலையேறி வந்த மருமகள் சமைத்தது வேகவில்லை என்றால் அவள் கை ராசியும் காரணமல்ல, கால் ராசியும் காரணமல்ல.

பாபின் 1679-ல் கண்டுபிடித்தார். நம் நாட்டில் குக்கர் செய்து விற்கும் கம்பெனிகள் கிளம்பியது 1959-ல். நடுவில் 280 வருஷம்! இது ஏன் என்று சற்று யோசிக்க வேண்டும். நமக்கு யந்திரமே தெரியாமல் இருந்ததா? கோயமுத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1888-லேயே பஞ்சாலை வந்துவிட்டது. பிறகு பம்பு, மோட்டார் எல்லாம் வந்தன. ஆனால் மாவாட்டும் கிரைண்டர் அதே ஊரில் எப்பொழுது பிறந்தது? பி. சபாபதி என்பவர் 1955-ல் முதலாவதாகச் செய்தார் என்கிறார்கள். அவர் செய்த யுக்தி வெகு எளிது. ஆட்டுக்கல்லில் உரல் நிற்கும், குழவி சுழலும். கிரைண்டரில் குழவியை ஓரிடத்தில் நிறுத்திப் பாத்திரத்தைச் சுழலவிட்டார்கள். அவ்வளவுதான். இந்த அற்ப மாறுதலுக்கு, மோட்டார் தெரிந்த ஊரில் இத்தனை காலம் ஆவானேன்? நூல் நூற்கிற யந்திரம் முதலாளிக்குக் கூலியை மிச்சப்படுத்தும். நெல் குத்துகிற யந்திரமும் அப்படியே. வீட்டில் மாவாட்டுகிறவளுக்குக் கூலியே கிடையாது. கூலியில்லாத உழைப்பை மிச்சப்படுத்த யாருக்கு என்ன அவசரம்?

மிக்ஸியின் கதையும் இதற்குச் சாட்சி. பம்பாயில் சத்யபிரகாஷ் மாத்தூர் என்கிற இன்ஜினீயர் வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்ஸர் இருந்தது. பழச்சாற்றுக்கும் பாலுக்கும் செய்த அந்த யந்திரம், நம் தேங்காயையும் ஊறவைத்த அரிசியையும் போட்டதும் கெட்டுப்போயிற்று. அவருடைய மனைவியார் மாதுரிக்கு இது பெரிய கஷ்டமாகிவிடவே, நம் சமையலைத் தாங்குகிற மோட்டாரை வைத்து அவர் ஒன்று செய்ய, 1963-ல் அதற்கென்று ஒரு கம்பெனி ஏற்பட்டு, ‘சுமீத்’ என்ற பெயரில் வீடு வீடாய் வந்தது. கஷ்டப்படுகிறவளின் பேச்சை இன்ஜினீயர் காது கொடுத்துக் கேட்டால் என்ன நடக்கிறது, பார்த்தீர்களா! அமெரிக்காவிலோ, ஜோசபின் காக்ரேன் என்ற அம்மையார் ஆண்பிள்ளையை எதிர்பார்க்காமல், பாத்திரம் கழுவுகிற யந்திரத்துக்கு 1886-லேயே தாமே உரிமை வாங்கிவிட்டார்.

இவ்வளவு பேர் மூளையைக் கசக்கிச் செய்த சாமானை நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? ஆயுத பூஜை என்று மிக்ஸிக்குச் சந்தனம், கிரைண்டருக்குக் குங்குமம், குக்கருக்கு மூன்று கோடு விபூதி! குங்குமம் வைத்தால் மோட்டார் எரியாமல் இருக்குமா? குக்கரின் துவாரத்தில் பருப்பு அடைத்திருந்தால், விபூதி பூசினாலும் வெடிக்கத்தான் வெடிக்கும். பூஜைக்குச் செலவிடுகிற அரைமணியில் வெயிட் உட்காருகிற குழாயை ஊதிப் பார்த்து, காஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் காலத்தில் மாற்றினால் உயிருக்காவது பிரயோஜனம் உண்டு.

அம்மியின் கதை இதைவிட வேடிக்கை. அடுப்பங்கரையில் அம்மி போய்விட்டது. கல்யாண மண்டபத்தில் மாத்திரம் போகவில்லை! அரைக்க உதவாத கல்லை மிதிப்பதற்கென்று வைத்திருக்கிறார்கள். புரோகிதர், ‘இந்தக் கல்லைப்போல் உறுதியாயிரு’ என்று பெண்ணுக்குச் சொல்லுகிறார். கூட இருக்கிறவர்கள் அகலிகை கதையையும் சேர்த்துச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். மாப்பிள்ளை உறுதியாயிருக்க ஒரு கூழாங்கல்லாவது உண்டா? அன்றைக்கு ஒரு நாள்தான் அவன் அவள் காலைப் பிடிப்பது. மறுநாளிலிருந்து குழவியைப் பிடிப்பது அவள். (சிரிப்பு)

‘என்ன இருந்தாலும் அம்மியில் அரைத்த ருசி வருமா?’ என்று கேட்கிற ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். ருசி அதிகமாகவே இருக்கலாம், நாம் மறுக்கவில்லை. ருசி வேண்டுமென்கிறவர் தாமே உட்கார்ந்து அரைக்கட்டும். ‘அந்தக் காலத்தில் மாவாட்டினார்கள், அதனால் சுகப்பிரசவமாயிற்று’ என்று ஒரு வைத்தியமும் சொல்லுகிறார்கள். ஐக்கிய நாடுகள் மதிப்பீட்டின்படி 1990-ல் நம் நாட்டில் லட்சம் குழந்தை பிறந்தால் 500-க்கு மேற்பட்ட தாய்மார்கள் செத்தார்கள். சர்க்கார் கணக்கின்படி 2018-20-ல் அது 97. ஆட்டுக்கல் குறைந்துகொண்டே வந்த காலத்தில்தான் சாவும் குறைந்திருக்கிறது. காப்பாற்றியது ஆஸ்பத்திரி. ஒன்று மாத்திரம் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். ‘அம்மி கொத்தலையோ’ என்று தெருவில் உளியோடு வந்தவர்களின் பிழைப்பு போய்விட்டது. அவர்களுக்கு வேறு வழி காட்டியிருக்க வேண்டியது சமுதாயத்தின் பொறுப்பு. அதற்காகப் பெண்களை மறுபடியும் அம்மிக்கு அனுப்ப முடியாது.

இந்நாட்டில் 2006-க்குப் பின் இலவசமாய்க் காஸ் அடுப்பும், 2011-க்குப் பின் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் சர்க்கார் கொடுத்தபோது ‘இலவசம், இலவசம்’ என்று பரிகாசம் செய்த கனவான்கள் அநேகர். அவர்கள் வீட்டில் ஆட்டுக்கல்லில் ஆட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று மாத்திரம் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் சாமான் வந்ததால் பெண் விடுதலையாகிவிட்டாளா? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க அம்மையார் 1983-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். வீட்டு யந்திரங்கள் ஆணும் குழந்தைகளும் செய்துவந்த வேலையைக் குறைத்தன, தாயின் வேலையோ குறைந்தபாடில்லை என்று காட்டினார். நம் வீட்டில் என்ன? முன்பு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இட்லி. கிரைண்டர் வந்ததும் தினமும் இட்லி, அதற்கு இரண்டு சட்னி! 2019-ல் இந்திய சர்க்கார் எடுத்த கணக்கில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்கள் பெண்களில் 100-க்கு 81 பேர், ஆண்களில் 26 பேர். செய்கிற பெண்ணுக்கு நாளைக்கு 299 நிமிஷம், செய்கிற ஆணுக்கு 97 நிமிஷம். மிக்ஸியின் பொத்தானைத் திருக மீசை தடையாக இருக்கிறதா என்று கேட்கிறோம். (கைதட்டல்) மணமகன் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாளைக் காலையில் மாவு ஊறப்போடுவது தாங்கள் என்று இப்பொழுதே அவரிடம் ஒப்புக்கொள்ளலாம்.

கடைசியாக, பெண்ணைப் பெற்றவருக்கு ஒரு விண்ணப்பம். 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென்று நம் இயக்கம் தீர்மானம் செய்தது. இங்கே 1989-ல் சட்டமாயிற்று. இந்தியா முழுமைக்கும் 2005-ல் ஆயிற்று. ஆயினும் ஊரில் நடப்பதென்ன? ‘குக்கர், கிரைண்டர், பீரோ எல்லாம் சீராய்க் கொடுத்தாயிற்றே’ என்று சொல்லி, தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுகிறார்கள். கிரைண்டர் சில வருஷத்தில் பழைய இரும்புக்குப் போகும். நிலம் போகுமா? இந்தப் பெண்ணின் சகோதரர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். தங்கையிடம் அப்படி ஒரு கையெழுத்துக் கேட்கமாட்டோம் என்று அவர்கள் இந்தச் சபையில் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

பந்தி தயாராகிவிட்டதாகத் தோழர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தாய்மார்கள் முதல் பந்தியில் உட்காருங்கள். நாங்கள் பரிமாறிவிட்டு அடுத்த பந்தியில் சாப்பிட்டுக்கொள்ளுகிறோம்.